நல்லி எலும்பும் மலைப்பாதையும்

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பேன். நாற்பது வருடப் பழக்கம். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்களில் யாராவது ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில், எலும்பு லேசாக வளைந்திருக்கும். சிலருக்கு நடுவில் ஒரு முடிச்சு. சிலருக்கு ஒரு கால் விரற்கடை குட்டை; செருப்பில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். "எதுல விழுந்தீங்க?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். "எறக்கம்." இல்லையென்றால் "புளி." இல்லையென்றால் "எருது." முப்பது வயதுக்கு உட்பட்டவனைக் கேட்டால் பதில் வேறு: "வண்டி."

நான் மலைக்காரன் இல்லை. போளூர்ப் பக்கத்துக்காரன். 1979இல் ஜவ்வாது மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்து வந்தவன், ஓய்வு பெறும்வரை மலையிலேயே இருந்துவிட்டேன். காலைப் பார்க்கும் பழக்கம் 1984 ஐப்பசியில் தொடங்கியது. அந்த மாதம் உடைந்தது என் கால்.

உடைந்தது எந்த எலும்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணைக்கால் என்பது நம் பழைய சொல். கணுக்காலோடு அதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். கணுக்கால் பாதத்தின் மேலுள்ள மூட்டு. முழங்காலுக்கும் அந்த மூட்டுக்கும் நடுவில் இருப்பது கணைக்கால். சேர அரசன் ஒருவனுக்கே கணைக்கால் இரும்பொறை என்று பெயர் இருந்தது. கறிக்கடையில் அந்த இடத்து எலும்புக்குப் பெயர் நல்லி. மலையில் என் மாணவர்கள் மனிதக் காலுக்கும் அதையேதான் சொன்னார்கள். "சாருக்கு நல்லி போச்சு."

அன்று சனிக்கிழமை. சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு நல்ல மழை. கூட எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். பாதையில் ஓர் இடத்தில் பாறை பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் தாண்டக் காலை எடுத்து வைத்தேன். இடது பாதம் ஒரு வேர்ச்சந்தில் போய்ச் செருகிக்கொண்டது. பாதம் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் வலப்பக்கம் திரும்பி விழுந்தது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்தது போலச் சத்தம். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு பையன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சார், உங்க காலு முட்டிக்குக் கீழயும் மடங்குது சார்."

ஒருவன் என்னோடு இருந்தான். மற்றவன் ஊருக்கு ஓடினான். அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் வந்தார்கள், ஒரு கம்பளியோடும் நீள மூங்கில் கழியோடும். அவர்களோடு எழுபது வயதிருக்கும் ஒருவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கும் மனிதனுக்கும் முறிவு கட்டுகிறவர். கட்டுக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் வந்ததும் என் காலைத் தொடவில்லை. கால் விரல்களைத் தொட்டார். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு விட்டார். வெளுத்த நகம் மறுபடி சிவப்பதைப் பார்த்தார். பிறகுதான் கட்டைவிரலால் எலும்பின் முன்விளிம்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். நான் அலறினேன்.

"தோலு கிழியல வாத்தியாரே. நல்ல காலம்."

நான்கு மூங்கில் தப்பைகளை முழங்காலுக்கு மேலிருந்து கணுக்காலுக்குக் கீழே வரைக்கும் வைத்து, வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினார். இலை வைக்கவில்லை. "ஏன் பெரியவரே, மருந்து வைக்கலையா?" என்று கேட்டேன். "இப்ப வீங்கும். வீங்குற காலுக்கு மருந்துக்கட்டு ஆவாது. கீழ போயி படம் புடிச்சிப் பாருங்க. அவங்க வேணாம்னா திரும்பி வாங்க, நான் பாத்துக்குறேன்." அந்த வார்த்தைகளின் மதிப்பு எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

கம்பளியின் நான்கு முனைகளையும் கழியில் கட்டி என்னை உள்ளே கிடத்தினார்கள். இதுதான் டோலி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். கைமாற்ற நான்கு பேர். இறக்கத்தில் நோயாளியின் தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது டோலி தூக்குகிறவர்களின் விதி. மூன்று மணி நேரம் வானத்தையும் முன்னால் போகிறவரின் முதுகையும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். தார்ச்சாலையில் ஒரு விறகு லாரி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. நான்கரை மாதம் படுக்கையும் ஊன்றுகோலும்.

படுத்துக் கிடந்த மாதங்களில் படத்தைக் காட்டி டாக்டர் சொன்ன செய்திகள் பாடம் போல மனதில் பதிந்துவிட்டன. உடம்பில் தொடை எலும்புக்கு அடுத்து நீளமானது இந்த எலும்பு. நீள எலும்புகளில் அதிகம் முறிவதும் இதுதான். மேலே அகன்று, நடுவுக்கும் கீழுக்கும் இடையே ஒடுங்கி, கணுக்காலில் மறுபடி அகலும். ஒடுங்கிய அந்த இடத்தில்தான் பெரும்பாலும் முறியும். பின்பக்கம் கெண்டைச் சதை இருக்கிறது. முன்பக்கம் சதையே கிடையாது. தோலுக்கு அடுத்தது எலும்பு. அதனால் முறிந்த முனை சுலபமாகத் தோலைக் கிழித்து வெளியே வந்துவிடும், மண்ணும் கிருமியும் உள்ளே போகும். சதை குறைவு என்பதால் கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எனக்கு அப்போது பீடிப் பழக்கம். "புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். பீடி வேணுமா, எலும்பு வேணுமா, சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். கட்டுக்காரரும் அதையேதான் பத்தியமாகச் சொல்லியிருந்தார், காரணம் சொல்லாமல்.

திரும்பி மலைக்கு வந்த பிறகு, யார் காலை எது உடைக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். மருத்துவப் புத்தகம் ஒரு பட்டியல் தரும்: வயது, எலும்பு மெலிவு, சத்துக்குறைவு, புகை, விளையாட்டு, வாகனம். மலை தந்த பட்டியல் வேறாக இருந்தது.

முதலாவது இறக்கம். ஜவ்வாது மலைக்காரர்களான மலையாளிப் பழங்குடியினர் சாமை, புளி, கடுக்காய், தேன், பலா என்று விளைந்ததையும் சேகரித்ததையும் தலையில் சுமந்து அடிவாரச் சந்தைக்கு இறங்கியவர்கள். கிழக்கே போளூர், தெற்கே செங்கம், மேற்கே ஆலங்காயம், வடக்கே ஒடுகத்தூர். எந்தத் திசையில் போனாலும் சுமை இறக்கத்தில்தான் போகும். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காலை உடைப்பது இறக்கம். முப்பது கிலோ தலையில் இருக்க, பாதம் கல்லிடுக்கில் மாட்டி உடம்பு திரும்பினால், எலும்பு முறுக்கிய கரும்பு போலச் சுற்றிக்கொண்டு பிளக்கும். எனக்கு நடந்ததும் அதுவே. தலையில் இருந்தது குடை மட்டும்.

இரண்டாவது புளி. மாசி, பங்குனியில் மலை முழுக்கப் புளி உலுக்குவார்கள். துரட்டிக்கு எட்டுகிற காய் கொஞ்சம். மீதிக்குக் கிளைநுனி வரை போய் நின்று உலுக்க வேண்டும். புளியமரம் லேசில் முறியாது என்று பெயர் வாங்கிய மரம். அந்த நம்பிக்கையில்தான் காய்ந்த கிளையிலும் காலை வைப்பார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் காற்றடிக்கும் நாளிலும் ஏறுவான். உயரத்திலிருந்து காலை ஊன்றி விழுகிறவனுக்கு எலும்பு நடுவில் முறிவதில்லை. முழங்கால் மூட்டைத் தாங்கும் மேல்முனையோ கணுக்கால் மேல் நிற்கும் கீழ்முனையோ நொறுங்கும். நொறுங்கிய மூட்டைத் தப்பையால் நேராக்க முடியாது. ஊரில் நொண்டியபடியே மூப்படைந்தவர்களில் அதிகம் பேர் புளியில் விழுந்தவர்கள்.

மூன்றாவது எருது. ஏர் பூட்டும்போது உதைக்கும் மாடு ஒரு பக்கம். தை மாதத்தில் அடிவார ஊர்களில் நடக்கும் எருது விடும் விழா இன்னொரு பக்கம். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்துத் தொங்குவார்கள். எங்கள் வட ஆற்காட்டு விழாவில் காளை தெருவில் ஓட, இரண்டு பக்கமும் கூட்டம் நெருக்கி நிற்கும். குறித்த தூரத்தைக் காளை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதே போட்டி. முன்வரிசைக்காரன் ஒதுங்கும்போது பின்வரிசைக்காரன் விழுகிறான்; குளம்பு அவன் கணைக்கால் மேல் இறங்குகிறது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த விழாக்களுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அவற்றை அனுமதித்துத் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18ஆம் தேதி நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. இந்த வரலாற்றில் பெரும்பாலும் காளைக்கு நேரும் துன்பம் பற்றியும் பண்பாடு பற்றியும் பேசப்பட்டது. முன்வரிசையில் நிற்பவனின் காலைப் பற்றிப் பேச்சு குறைவு. தட்டி கட்டும் உத்தரவோடு அது முடிந்துவிடுகிறது.

இந்த மூன்றாலும் முறிந்த கால்கள் பழைய காலத்தில் எங்கே போயின? ஒன்று உள்ளூர்க் கட்டுக்காரரிடம். இல்லையென்றால் புத்தூர். இன்று ஆந்திரத்தில் இருக்கும் புத்தூர், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை நம் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. அதன் பக்கத்துக் கிராமத்தில் ராஜு குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் கட்டுதான் புத்தூர் கட்டு. வேட்டையில் அடித்த முயலை இலையில் சுற்றி வைத்து, பிறகு அவிழ்த்துப் பார்த்தபோது முறிந்த கால் கூடியிருந்ததாம். அங்கிருந்து வந்தது இந்த வித்தை என்று கதை சொல்வார்கள். பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் தப்பை. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் 'இங்கு புத்தூர் கட்டு போடப்படும்' என்று ஒரு பலகை கண்ணில் படும். அந்தப் பலகைகளில் எத்தனைக்குப் புத்தூரோடு உண்மையில் தொடர்பு உண்டு என்பது வேறு கதை.

எங்கள் கட்டுக்காரர் புத்தூருக்குப் போனவர் இல்லை. அவர் வைப்பது எலும்பொட்டி இலையும் உளுந்து மாவும் முட்டையும். உள்ளே கொடுப்பது பிரண்டைத் துவையல். சித்த வைத்தியர்கள் வச்சிரவல்லி என்று சொல்லும் அதே நாலுபட்டைக் கொடி. 1960களின் தொடக்கத்தில் பனாரஸில் கே. என். உடுப்பாவும் ஜி. பிரசாதும் எலும்பு முறிந்த ஆய்வு விலங்குகளுக்குப் பிரண்டைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். முறிவு விரைவாகக் கூடியது என்று எழுதினார்கள். கட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. "மாட்டுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் நாங்களும் மனுசனுக்குக் குடுத்தோம்" என்றார்.

உளுந்து மாவைக் குழைத்துப் போடுவதும் மாவுக்கட்டு, ஆஸ்பத்திரியில் வெள்ளையாகப் போடுவதும் மாவுக்கட்டு. எங்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே பெயர். ஆஸ்பத்திரி மாவு ஒன்றும் அவ்வளவு பழையதில்லை. ஹாலந்து நாட்டு ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மத்தைசன், ஜிப்சம் தூள் தடவிய துணியை நனைத்துச் சுற்றும் முறையை 1852இல் வெளியிட்டார். எக்ஸ்ரே வந்தது 1895இல். அதுவரைக்கும் லண்டன் டாக்டரும் எங்கள் கட்டுக்காரரும் ஒரே கருவியைத்தான் நம்பினார்கள்: கட்டைவிரல்.

டோலியும் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1756 ஜனவரியில் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குளிரில் தரையிலேயே கிடந்து, பக்கத்தில் ஒரு கதவை விலைக்கு வாங்கச் சொன்னார். பல்லக்குத் தூக்கிகளை வரவழைத்து, அவர்களுடைய கழிகளை அந்தக் கதவில் ஆணி வைத்து அடிக்கச் சொன்னார். அதில் படுத்துத்தான் வீட்டுக்குப் போனார். வீட்டில் காலை வெட்டிவிடக் கருவிகளைத் தயார் செய்துவிட்டார்கள். அவருடைய குருநாதர் நேரத்தில் வந்து வேண்டாம் என்று தடுத்தார். கால் பிழைத்தது. அந்தக் காலைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு கதவுக்கு உண்டு. முறிந்த எலும்பை ஆட்டாமல் கொண்டுபோனால், கிழியாத தோல் கிழியாமல் இருக்கும். கிழிந்தது மேலும் கிழியாது. எங்கள் ஊர் எட்டுப் பேருக்குப் பெர்சிவல் பாட் என்ற பெயர் தெரியாது. என் காலை ஆட்டாமல்தான் கொண்டுவந்தார்கள்.

கட்டுக்காரர்களைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் பொய்யாகிவிடும். முறிந்த காலை இறுக்கிக் கட்டி, அது கறுத்துப்போய், முழங்காலோடு எடுக்க வேண்டி வந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரிடம் படித்ததாகச் சொல்லிக்கொண்ட இன்னொருவர் கட்டியது அது. கணைக்காலின் சதைகள் நான்கு தனித்தனி அறைகளில், விரியாத உறைக்குள் இருக்கின்றன. முறிந்ததும் உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். வெளியே கட்டும் இறுக்கமாக இருந்தால் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் சதை சாகும். இறுக்கிய கட்டால் சதை செத்துக் கை கால் மடங்கிப்போவதை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மான் 1881இல் எழுதி வைத்தார். ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இது நேரும். வீங்குகிற காலுக்கு மருந்துக்கட்டு ஆகாது என்று எங்கள் பெரியவர் சொன்னது இதைத்தான். முதலில் என் நகத்தை அழுத்திப் பார்த்ததும் இதற்குத்தான். அவர் விரல்களை எப்போதும் கட்டுக்கு வெளியே விடுவார்.

மலை எலும்பு இரும்பு எலும்பு என்று ஒரு பேச்சு உண்டு. கோடை விழாவுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் சாமை அரிசிப் பையை வாங்கிக்கொண்டே சொல்வார்கள்: "இதைச் சாப்பிட்டுத்தான் இவங்க எலும்பு இவ்ளோ பலமா இருக்கு." சாமை நல்ல தானியம்தான், எங்கள் மலையின் முதல் பயிரும் அதுதான். ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் சுண்ணாம்புச் சத்து 17 மில்லிகிராம்தான். அரிசியில் 10. கேழ்வரகில் 344. எலும்புக்குச் சோறு போடுவது கேழ்வரகுக் களியும் கீரையும். மலைக்காரர்களின் எலும்பைப் பலமாக்கியது வெயிலும் நடையும். சுமை ஏற ஏற எலும்பு தன்னைத் தடித்துக்கொள்ளும் என்பதை யூலியஸ் வொல்ஃப் 1892இல் விதியாகவே எழுதினார். எவ்வளவு தடித்தாலும் அது இருபதடிக் கிளையிலிருந்து விழுவதைத் தாங்காது.

நான்காவது சொல்லுக்கு வருகிறேன். வண்டி.

மலைக்குச் சாலை மனிதர்களுக்காக முதலில் வரவில்லை. ஜவ்வாது மலைக்குப் பேர் வாங்கித் தந்தது சந்தனம். அரசின் சந்தனக் கிடங்கு திருப்பத்தூரில் இருந்தது. கட்டை இறங்க லாரி வேண்டும், லாரிக்குப் பாதை வேண்டும். பிறகு விண்மீன். 725 மீட்டர் உயரத்தில் காவலூரில் 1968இல் வானாய்வகம் இயங்கத் தொடங்கியது. 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்து வானியலாளர் வேணு பாப்பு பெயரைச் சூட்டினார். அவ்வளவு பெரிய கண்ணாடி மலையேறும் அளவுக்கு ஆலங்காயம் பக்கம் சாலை இருந்தது. நான் டோலியில் இறங்கி அப்போது பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. வானாய்வகத்தைக் குறை சொல்லவில்லை. என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிலாவைக் காட்டியவன் நான். சாலை எதற்காக வருகிறதோ அங்கேதான் போய் நிற்கும் என்பதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்தபோது மலை ஏறக்குறைய முழுவதும் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் இரண்டானது. 2019இல் வேலூர் மறுபடி பிரிந்து திருப்பத்தூர் வந்தது. இன்று ஒரே மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மூன்று பக்கமும் ஆஸ்பத்திரி உண்டு. முறிவு பெரிதாக இருந்தால் வேலூர் சிஎம்சி. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த இடத்துக்கு மலைக்காரர்கள் பல தலைமுறையாகப் போய் வருகிறார்கள். சாலைகளும் ஒவ்வொன்றாக வந்தன. சாலை வந்ததும் காரணமும் மாறியது.

இப்போது வீட்டுக்கு ஒரு பைக் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பைக் சரிந்தால் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டுவது கணைக்கால்தான். எதிரே வரும் காரின் முன்தடுப்பும் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது. திருவிழாவுக்கும் கூலி வேலைக்கும் ஆட்களைச் சரக்கு வண்டியில் நிற்கவைத்து ஏற்றிப் போகிறார்கள். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்துப் பகுதியில் செம்பரை மலைக்கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களின் காயங்கள் செய்தியில் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. இறக்கத்தில் முறிந்த எலும்பு இரண்டு துண்டாகும். வண்டியில் முறிவது பல துண்டாகும், தோலையும் கிழிக்கும். பழைய தப்பைக்கு அங்கே வேலை இல்லை. எலும்புக்குள் நீளக் கம்பியை இறக்கி நிறுத்த வேண்டும். 1940வாக்கில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் அறிமுகப்படுத்திய முறையின் வழிவந்தது அது. எங்கள் ஊரில் சொல்வார்கள்: "அவனுக்கு ராடு வெச்சிருக்கு."

கடைசியாக ஒன்று, புதியது. என் பழைய மாணவனின் மகன் போலீஸ் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடினான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். மூன்றாம் வாரம் கணைக்காலில் ஓரிடத்தில் மட்டும் வலி. "பழகிடும் தாத்தா" என்றான். ஆறாம் வாரம் நடக்க முடியவில்லை. விழவில்லை, அடிபடவில்லை, எலும்பில் மயிரிழை விரிசல். திடீரென்று சுமை ஏறும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டும். இடையில் சில வாரம் அது இளைத்திருக்கும். சதையோ அதற்குள் பலமாகிவிடும். ஓடத் தெம்பு வந்துவிடும். ஓய்வில்லாமல் ஓடினால் அந்த இளைத்த எலும்புதான் விரியும். மலையில் பிறந்து மண்ணில் நடந்த கால் அவனுடையது. அவன் தாத்தா காலத்தில் இப்படி ஒரு முறிவை யாரும் கேள்விப்பட்டதில்லை. வேலை வேண்டும் என்பதும் கணைக்காலை உடைக்கும் காரணங்களில் சேர்ந்துவிட்டது.

2008 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இரண்டும் பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் 108 தார் முடியும் இடம் வரைதான் வரும். 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் கையில் ஏந்தி நடந்தார். நாடு முழுக்கச் செய்தியானது. இப்படிப்பட்ட பாதைகளில் முறிந்த கால்களும் டோலியில் இறங்குகின்றன, அவை செய்தியாவதில்லை.

பாதையையும் நேரத்தையும் விட்டுவிட்டு முறிவைப் பற்றிப் பேச முடியாது என்பதுதான் நாற்பது வருடம் காலைப் பார்த்ததில் நான் கற்றது. சாலை போடுவது அரசின் வேலை, கேட்டு வாங்குவது நம் வேலை. அதுவரைக்கும் செய்யக்கூடியது சில உண்டு. முறிந்த காலை இழுத்து நேராக்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். தப்பை முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விரல்கள் வெளியே இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை நகத்தை அழுத்திப் பாருங்கள். நிறம் திரும்பவில்லை என்றாலோ, விரலை லேசாக நீட்டினாலே துடித்துப்போகிறார் என்றாலோ, கட்டைத் தளர்த்துங்கள். 108ஐக் கூப்பிடும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். தார் எங்கே முடிகிறதோ அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், டோலி எத்தனை மணிக்கு அங்கே வந்துசேரும் என்பதையும் சொல்லுங்கள்.